தகட்டின் வெள்ளைப் பக்கம்

மாடம்பாக்கம்
4-6-2024

தங்கை சுந்தரவல்லிக்கு அக்கா அஞ்சம்மாள் எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. நான். என் மகன் தினகரன். மருமகள் கோகிலவாணி, அவள் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். பேத்தி ஓவியா. கீழ் வீட்டில் குடியிருக்கும் ஷரீஃபா. கூடுவாஞ்சேரியிலிருந்து பால்கோவா வாங்கிக்கொண்டு வந்த நீ. மொத்தம் ஆறு பேர்.

நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். முட்டி மடக்க முடியவில்லை என்று வாசலில் அழுதவள் அந்த நாற்காலியில் எப்படி நிமிர்ந்து உட்கார்ந்தாய் என்று நான்தான் பார்த்தேனே.

காது போனதிலிருந்து என்னால் போனில் சண்டை போட முடியவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் வீடே படிக்கும். அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நிதானமாகப் படி.

பத்து வருஷமாக ஓவியா ரோல் ஃபிலிம் கேமராவில் எடுத்துப் பழகியது யாரை? என்னை. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். இருமினேன், கண்ணை மூடினேன், பூனையைத் திட்டினேன், பன்னிரண்டில் ஒன்று நன்றாக வந்துவிடும். இப்போது அவள் மாறிவிட்டாள். மடக்கித் திறக்கிற பெரிய பெட்டிக் கேமரா, மூன்று கால், தலைக்கு மேல் கருப்புத் துணி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு ஷீட் ஃபிலிம், ஒரு ஷீட்டுக்கு ஒரே படம். ஏன் என்று கேட்டேன். "ரோல்ல எடுத்தத ஆள் ஒசரத்துக்கு இழுத்தா மூஞ்சி பொரிப் பொரியா ஆயிடுது ஆயா. இதுல ஒவ்வொரு முடியும் நிக்கும்" என்றாள். செப்டம்பரில் தாம்பரத்தில் கண்காட்சி. ஒவ்வொரு போட்டோகிராபருக்கும் ஒரே ஒரு படம். ஆள் உயரத்துக்கு.

அந்த ஒரு படத்துக்கு நான் காலையிலேயே குளித்து, கடுகு நிறப் பட்டுப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தேன். "இன்னா ஆயா, கல்யாணப் பொண்ணு மாறி கீறீங்க" என்று ஷரீஃபா கேலி செய்தாள். மூக்குத்தித் திருகைக் காணவில்லை என்று நான் உள்ளே போனேன். கால் மணி நேரம் தேடினேன். வெளியே வந்தால் என் நாற்காலியில் நீ. "சின்ன ஆயா, அப்டியே இரு, மூச்சு விடாத" என்கிறாள் ஓவியா. முடிந்தது. அப்புறம் மேகம் வந்து வெளிச்சம் போய்விட்டது.

என்னை மறுநாள் திங்கட்கிழமை எடுத்தாள். அதையும் தெரிந்துகொள்.

பால்கோவாவில் சர்க்கரை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
அஞ்சம்மாள்


கூடுவாஞ்சேரி
10-6-2024

அக்காவுக்கு சுந்தரவல்லியின் வணக்கம்.

உன் கடிதம் வந்தது. தபால்காரர் "இந்தக் காலத்துல கடுதாசியா" என்று இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறாயா? பால்கோவா மொத்தத்தையும் நீயே தின்றதாகக் கேள்வி.

நான் சும்மாதான் உட்கார்ந்தேன். அந்தக் கேமராவின் பின்னால் இருக்கிற கண்ணாடியில் ஆளைப் பார்த்து உருவத்துக்குத் தெளிவு வைக்கவே நேரமாகிறதாமே. எப்போதும் கோகிலவாணிதான் நாற்காலியில் உட்கார்ந்து கொடுப்பாளாம். அன்றைக்கு அவள் வடைச்சட்டியை விட்டு வர முடியவில்லை. "யாராச்சும் ஒரு நிமிஷம் உக்காருங்களேன்" என்று குழந்தை கத்தியது. நீ உள்ளே, தினகரன் போனில். நான் உட்கார்ந்தேன். அவள் துணிக்குள் தலையை விட்டாள், வெளியே வந்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உள்ளே போனாள். அப்புறம்தான் அசையாதே என்றாள். இதில் என் குற்றம் என்ன?

ஒன்று மட்டும் உண்மை. அவ்வளவு நேரம் என்னை யாரும் பார்த்தது கிடையாது. என் வீட்டுக்காரர் கூட.

படம் கழுவியதும் சொல். எது நன்றாக இருக்கிறதோ அதை வைக்கட்டும்.

இப்படிக்கு
சுந்தரவல்லி


மாடம்பாக்கம்
17-6-2024

சுந்தராவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் சின்னப் பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா?

"எது நன்றாக இருக்கிறதோ அதை" என்று எழுதியிருக்கிறாய். எழுதுவாய். நன்றாக வருவது எப்போதும் நீதானே.

மேற்குத் தாம்பரம் ஸ்டுடியோவை நான் மறக்கவில்லை. எனக்கு எட்டு வயசு, உனக்கு நாலு. அம்மா பச்சைப் புடவை. அப்பா வெளியே பீடி பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆளும் இதே போலப் பெட்டி, இதே போலக் கருப்புத் துணி வைத்திருந்தான். "யாரும் ஆடக் கூடாது" என்றான். அம்மா உன் மோவாயைக் கையால் பிடித்துக்கொண்டாள். என்னை யாரும் பிடிக்கவில்லை. படம் வந்தபோது அம்மா தெளிவு, நீ தெளிவு, என் கழுத்துக்கு மேல் புகை. அம்மாவோடு நான் இருக்கிற ஒரே படம் அது. அதில் எனக்கு முகம் இல்லை. அறுபத்தாறு வருஷமாக பீரோவில் வைத்திருக்கிறேன். நீ கேட்டபோதெல்லாம் சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

இப்போது ஓவியாவுக்கு நான்தான் கை ஆள், தெரியுமா? எங்கள் அரிசி ரூமில் ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்தால் கும்மிருட்டு. அங்கேதான் ஷீட்டை ஹோல்டர் என்கிற தட்டைச் சட்டத்துக்குள் சொருகுவாள். வாசலில் காவல் நான். ஹோல்டருக்கு ஒரு தகடு உண்டு, மூடி மாதிரி. அதன் தலையில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கருப்பு. வெள்ளை தெரிந்தால் ஃபிலிம் புதுசு. கருப்பு தெரிந்தால் படம் எடுத்தாயிற்று. வெள்ளைப் பக்கத்தில் மட்டும் கடுகு கடுகாகப் புள்ளி இருக்கும், இருட்டில் விரல் வைத்தாலே தெரியும். எனக்கு அதெல்லாம் அத்துப்படி. நீ நாற்காலியில் மட்டும் உட்காருவாய்.

பன்னிரண்டு இருந்தபோது நான். ஒன்றே ஒன்று என்று ஆனபோது நீ. இதைப் பற்றி ஒரு வரி எழுதினாயா?

அக்கா


கூடுவாஞ்சேரி
25-6-2024

அக்காவுக்கு,

நலம். பேரனுக்குக் காய்ச்சல் விட்டது, குறும்பு விடவில்லை.

அம்மா உன்னை ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. எனக்கு நாலு வயசு. அந்தப் படத்தை நான் என் கண்ணால் பார்த்ததே இல்லை. சின்ன வயசிலேயே போய்விட்ட அம்மாவின் முகம் எனக்கு ஞாபகத்தில் இல்லை என்பதும் உனக்குத் தெரியும். தெரிந்தும் பூட்டி வைத்தாய்.

வேறு என்ன எழுத.

சுந்தரவல்லி


மாடம்பாக்கம்
9-7-2024

சுந்தராவுக்கு அக்கா எழுதுவது.

மாத்திரை போடுகிறேன். கோவிலுக்குப் போகிறேன். மழை இல்லை.

படம் கழுவியாயிற்று. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உன் படமும் இல்லை, என் படமும் இல்லை. இரண்டும் ஒரே ஷீட்டில் விழுந்துவிட்டன. உன்னை எடுத்த ஃபிலிமிலேயே மறுநாள் என்னையும் எடுத்திருக்கிறாள். நாலு கண், ஒன்றரை மூக்கு. என் நெற்றிக்குள் உன் வாய் சிரிக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. தினகரன் "பேய்ப் படத்துக்கு போஸ்டர் ஒட்டலாம்" என்றான், அவனை அடிக்கப் போனேன்.

ஓவியா அழுதாள். "தகட்ட நான்தான் மாத்திச் சொருகியிருப்பேன் ஆயா. புதுசுல எல்லாரும் பண்ற தப்பு இது. நானும் பண்ணிட்டேன்" என்றாள். பெட்டியில் இன்னும் ஒரே ஒரு ஷீட்தான் மிச்சம். அடுத்த பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கண்காட்சிக்கு முன் வராதாம்.

கோகிலவாணி அவளுக்குத் தலை துவட்டிவிட்டு, சோறு பிசைந்து கொடுத்தாள். நான் வேறு என்ன செய்ய முடியும்.

முட்டிக்கு அந்த எண்ணெயைத் தேய்.

அக்கா


கூடுவாஞ்சேரி
14-7-2024

அக்காவுக்கு,

ஓவியா நேற்று இங்கே வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் என் காலைத் தொட்டாள். "உன் படத்தக் கெடுத்துட்டேன் சின்ன ஆயா" என்றாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் என்ன பெரிய அழகியா? காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

பெரிய கேமராவை விற்கப்போகிறாளாம். யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். "எனக்குக் கை நிதானம் இல்ல. ரோல் ஃபிலிமே போதும். பன்னெண்டுல ஒண்ணு வரும், அதான் எனக்கு" என்றாள். கண்காட்சிக்கும் பேரை எடுத்துவிடச் சொல்லப் போகிறாளாம்.

அக்கா, அந்தப் பெண்ணுக்குக் கை நிதானம் இல்லையா? ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணைச் சிமிட்டாத குழந்தை அது. எனக்கு உறுத்துகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயே யோசித்து எழுது.

சுந்தரவல்லி


கூடுவாஞ்சேரி
2-8-2024

அக்காவுக்கு. மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. ஷரீஃபாவுக்குப் போன் செய்தேன், நீ திடமாக இருப்பதாகவும் மீன்காரனோடு சண்டை போட்டதாகவும் சொன்னாள். அப்படியானால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் வாழ்க்கையில் நீ வாயை மூடிக்கொண்டிருந்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் தப்பு உன் பேரில் இருந்தது. கேமராவை வாங்க வருகிறவர் பதினெட்டாம் தேதி வருகிறாராம்.


மாடம்பாக்கம்
6-8-2024

சுந்தரா,

சௌக்கியம் விசாரிக்க இப்போது மனசு இல்லை.

நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தீர்களே, நான் பசிக்கவில்லை என்றேனே, அப்போது. ஹோல்டரை எடுத்துக்கொண்டு அரிசி ரூமுக்குள் போனேன். கதவிடுக்கில் புடவையைத் திணித்தேன். தகட்டை இழுத்தேன், புரட்டினேன், வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திரும்பச் சொருகினேன். கடுகுப் புள்ளி விரலில் பட்டது. அவ்வளவுதான். வெளியே கோகிலவாணியின் குரல் கேட்டது. பக்கத்தில் வந்து கத்தினால்தானே எனக்குக் கேட்கும், கதவை ஒட்டி நின்று கேட்டிருக்கிறாள். "அத்தை, உள்ள இன்னா பண்றீங்க?" "பூண்டு தேடுறேன்" என்றேன். போய்விட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? உட்கார் என்றால் உட்காருவாள், எழு என்றால் எழுவாள்.

ஃபிலிமைக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியம். கெடுக்க நினைத்திருந்தால் கூடத்து வெளிச்சத்திலேயே இழுத்திருப்பேன். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பழைய சுவரில் சுண்ணாம்பு அடித்தால் கீழே இருக்கிற கிறுக்கல் மறைந்துவிடும் இல்லையா, அப்படி நினைத்தேன். உன் மேல் என்னை எடுத்தால் நீ மறைந்து நான் மட்டும் தெரிவேன் என்று. திங்கட்கிழமை அந்த நாற்காலியில் ஒரு மயிரிழை ஆடாமல் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை ஆடவில்லை. ஆனால் அந்தப் பெட்டி எதையும் மறைக்காதாம். விழுந்ததெல்லாம் அதில் இருக்குமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது குழந்தை உன்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பத்து வருஷத்தில் என்னை அப்படி ஒரு தடவை பார்க்கவில்லை. அதுதான். வேறு காரணம் இல்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

அஞ்சம்மாள்


கூடுவாஞ்சேரி
11-8-2024

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பதினெட்டாம் தேதிக்குள் நீ ஓவியாவிடம் சொல்ல வேண்டும். நீ சொல்லாவிட்டால் ஆட்டோ பிடித்து நானே வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வேன். உனக்கும் கேட்கும்.

நீ சொன்னதால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் மூக்குத்தித் திருகு அன்றைக்கு வாஷ்பேசின் மேல் கிடந்தது. கை கழுவப் போனபோது எடுத்தேன். கொடுக்கத்தான் எடுத்தேன். நீ பட்டுப் புடவையில் கூடத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாய். எனக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. நீ உள்ளே தேடிக்கொண்டிருந்த கால் மணி நேரமும் அது என் முந்தானை முடிச்சில்தான் இருந்தது. இத்துடன் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், பத்திரமாக எடு.

முட்டிக்கு ஆபரேஷன் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் முதல் வாரம். கண்காட்சி நடந்தாலும் என்னால் வர முடியாது. யார் படம் வைத்தாலும் எனக்குச் சரி. சரி இல்லைதான், இருந்தாலும்.

சுந்தரா


மாடம்பாக்கம்
24-9-2024

சுந்தராவுக்கு அக்கா எழுதுவது.

தையல் பிரித்தார்களா? நடக்கச் சொன்னால் நட. சோம்பேறித்தனம் பண்ணினால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று டாக்டரே சொன்னதாக உன் மகன் சொன்னான். திருகு வந்து சேர்ந்தது. போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் பதினாறாம் தேதியே ஓவியாவிடம் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. "ஆயா, நான் ஒரு மாசத்துக்கு மேல என் கைய நானே நம்பாம இருந்தேன்" என்றாள். காதருகே வந்து, மெதுவாக. அப்புறம் ஒன்பது நாள் பேசவில்லை. கேமரா வாங்க வந்தவரை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அந்த ஒன்பது நாளில் கூடத்தில் பெட்டி நின்றது, நாற்காலி கிடந்தது, கடைசி ஷீட்டும் இருந்தது. யாரை உட்கார வைப்பாள்? என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உனக்கு முட்டி. தெளிவு வைத்துப் பார்ப்பதற்காக வழக்கம் போல அவள் அம்மா வந்து உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போகப் பார்த்தவளை "இரும்மா" என்றிருக்கிறாள் ஓவியா. நான் அப்போது கோவிலில் இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்கள்: நான், தினகரன், ஷரீஃபா, ஓவியா, கண்காட்சி நடத்துகிற ஸ்ரீநிவாசராகவன் சார். கோகிலவாணி வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போனால், சுவரில் ஆள் உயரத்துக்கு அவள்.

வீட்டுப் புடவை. நெற்றியில் வேர்வை. வலது மணிக்கட்டில் கஞ்சி வடிக்கும்போது சுட்ட தழும்பு, அது எனக்காக வடித்த கஞ்சி, நான் மறக்கவில்லை. இடது புருவத்தில் இரண்டு நரை. முப்பது வருஷமாக என் எதிரே நடக்கிற முகம். ஒரு நாளும் நான் முழுசாகப் பார்த்ததில்லை. இப்போது அவள் என்னைப் பார்க்கிறாள், நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்க்கிறாள். சுந்தரா, ஒரு துளி ஆட்டம் இல்லை. யாரும் மோவாயைப் பிடிக்கவில்லை. தானாக ஆடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜனங்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். "யார் இந்த அம்மா?" என்று ஸ்ரீநிவாசராகவன் சாரை என் பக்கத்தில் நின்ற ஒருத்தர் உரக்கக் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது. உன் படம் வந்திருந்தால் கூட இவ்வளவு எரிந்திருக்காது.

வெளியே வந்து அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எப்ப உக்காந்த?"

"அவ உக்காரச் சொன்னா, உக்காந்தேன் அத்தை."

"உனக்கு வெக்கமா இல்ல? நான் உக்கார வேண்டிய எடம் அது."

எனக்குக் கொஞ்சமாவது கேட்கிற காதுப் பக்கமாக வந்து நின்றாள்.

"லைட்டு போடாம பூண்டு தேடுனீங்களே அத்தை."

பிடித்திருந்த அவள் கையை விட்டுவிட்டேன்.

"ஹோல்டர எடுத்துகினு உள்ள போனத பாத்தேன். ஓவியா அரிசி ரூமாண்ட வந்தா. உள்ள எலி பூந்துகிச்சி, தொறக்காதன்னு நான்தான் அனுப்புனேன். இன்னா பண்றீங்கன்னு அப்ப தெரியல. ரெண்டு மூஞ்சியும் ஒண்ணா வந்தப்பதான் புரிஞ்சுது."

"பின்ன ஏண்டி அவகிட்ட சொல்லல? புள்ள ஒரு மாசத்துக்கு மேல அழுதாளே!"

"தெனம் சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா அவ உங்கள மறுபடி உக்கார வெக்கவே மாட்டா. நீங்களே சொல்லிட்டா வெப்பான்னு பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் ஷரீஃபாவின் செருப்பைத் தேடி எடுத்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். அம்மா படத்தை இதோடு வைத்திருக்கிறேன். அம்மா முகம் பார்த்துக்கொள். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பு, உன் பேரன் கையில் கொடுக்காதே. ஓவியா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அம்மாவின் இன்னொரு கை என் பின்னல் பக்கம் நீண்டிருக்கிறது என்கிறாள். இருக்கலாம். நான்தான் திரும்பியிருப்பேன்.

புதுப் பெட்டி ஃபிலிம் வந்துவிட்டதாம். நீ நடக்க ஆரம்பித்ததும் நம் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பாளாம். கடுகு நிறப் பட்டு எனக்கு. நீ வேறு கட்டு.

திருகை ஒளித்ததற்கு உன்னை மன்னித்துவிட்டேன். ஒன்பது நாள் பேசாமல் இருந்ததற்கு ஓவியாவை மன்னித்துவிட்டேன். பேய்ப் படம் என்று சிரித்ததற்குத் தினகரனை. அம்மாவைக் கூட, பாதி. ஆனால் என் களவை இரண்டு மாதம் மடியில் கட்டிக்கொண்டு, எனக்குக் கஞ்சி வடித்து, என் நாற்காலியிலும் ஆடாமல் உட்கார்ந்தாளே ஒருத்தி, அவளை இந்தக் கட்டை வேகும் வரை மன்னிக்க மாட்டேன்.

கோகிலவாணியைத்தான்.

அக்கா
அஞ்சம்மாள்